சிவப்புத் துணி வரும்வரை

மேலகரம்
மார்கழி 8, செவ்வாய்

அன்பு மகன் மகாதேவனுக்கு, அம்மா குழல்வாய்மொழி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் மகள் அபர்ணாவும் சுகம். புனேயில் குளிர் அதிகம் என்கிறார்கள். நீயும் மருமகள் லோகநாயகியும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் அபர்ணா பெயரை எடுத்ததும், "சரிம்மா, வேல கெடக்கு" என்று வைத்துவிடுகிறாய். மூன்றாம் வருஷத்தோடு இஞ்சினியரிங் படிப்பை விட்டுவிட்டு ஆனி மாதம் அவள் இங்கே வந்து இறங்கியதிலிருந்து இதே கதைதான். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்தாலும் மறுபடி பிரிப்பாய். பெற்றவளுக்குத் தெரியாதா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமை நான் மலையேறினேன்.

அபர்ணா சேர்ந்திருக்கிற தென்காசி நடைக் குழுவில், மார்கழி நடைக்கு மட்டும் வீட்டு ஆட்களையும் கூட்டி வரலாமாம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது. எழுபது வயதுக்கு மேல் இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்றார்கள். அப்புறம் நான் சும்மா இருப்பேனா? செங்கோட்டையில் கான்வாஸ் ஷூ வாங்கி, இரண்டு நாள் அடுக்களையிலேயே போட்டு நடந்து பழகினேன். புளியறைக்கு மேலே, வனத்துறையில் அனுமதி வாங்கிய பாதை. மொத்தம் இருபத்தொரு பேர். ரோடு முழுக்க ஐயப்ப சாமிமார் வண்டி. எங்கள் வேன் ஊர்ந்துதான் போனது.

குழுவை நடத்துவது ஷெர்லின் என்று ஒரு விளையாட்டு டீச்சர். கண்டிப்பான பெண். அட்டை கடிக்காமல் இருக்க எல்லாரையும் காலில் வேப்பெண்ணெய் தடவ வைத்தாள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக நடக்கிற ஆளின் பையில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அந்த ஆள் யாரையும் தாண்டிப் போகக்கூடாது. பாதை பிரிகிற இடத்தில் எல்லாம், முன்னால் போனவர்கள் சிவப்புத் துணி வந்து சேரும்வரை நிற்க வேண்டும்.

அந்தத் துணி மூன்று மாதமாக உன் மகள் பையில்தான். இதை ஒரு தடவை உன்னிடம் சொன்னேன். "அங்கயும் கடைசிதானா?" என்று சிரித்தாய். அன்றைக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நடக்க ஆரம்பித்ததும் நான்தான் முன்னால். ரிட்டையர் ஆன கண்டக்டர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி, "என்னக்கா, கொல்லம் ரயில புடிக்கவா இந்த ஓட்டம் ஓடுதிய?" என்றார். "நீங்க பையப் பைய வாங்க அண்ணாச்சி, ஒங்களுக்கு வயசாச்சுல்லா" என்று நானும் விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இந்த வாய் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குத்தான். ஓடையைத் தாண்டி ஏற்றம் வந்ததும் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அண்ணாச்சியும் போனார். திரும்பிப் பார்த்தால் பின்னால் அபர்ணா ஒருத்திதான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீ முன்னால போடி" என்று அதட்டினேன். "போவக் கூடாது ஆச்சி. நீங்க பைய வாங்க, மல எங்கனயும் ஓடிராது" என்றாள். நான் நின்றால் அவளும் நின்றாள். அவளுக்கே மூச்சு வாங்குகிற மாதிரி ஏதாவது ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவைகூட வாங்க என்று அவசரப்படுத்தவில்லை.

உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கையில் ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் மேலே போனார்கள். மார்கழி வந்தால் உச்சியில் நிற்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த அபர்ணா, என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்தாள். என்னால் உனக்கு இப்படி ஆயிட்டே என்றேன். "பின்னால ஒரு ஆளு இருந்தா பயம் இல்லல்லா ஆச்சி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். மூன்றாம் வருஷம் நாலு பேப்பர் போய்விட்டதாம். கூடப் படித்தவர்கள் எல்லாம் தாண்டிப் போய்விட்டார்களாம். "அங்க நாந்தான் கடைசி ஆச்சி. எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்ல" என்றாள். அதை உன்னிடம் சொல்லப் பயந்துதான் படிப்பையே விட்டிருக்கிறாள். இப்போது மறுபடி சேர்ந்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கத் தயார் என்கிறாள். விண்ணப்பத்தை நிரப்பி மூன்று வாரமாகப் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். தகப்பன் கையெழுத்து மட்டும் பாக்கி. "அப்பாட்ட கேக்க நாக்கு வரமாட்டுக்கு ஆச்சி" என்றாள்.

இறங்கும்போதும் நாங்கள்தான் கடைசி. கீழே பாதை பிரிகிற இடத்தில் பத்தொன்பது பேரும் தூறலில் நின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் டீக்கடை. சலித்துக்கொண்டவர்களும் உண்டு, ஆனால் ஒருவரும் நகரவில்லை. மந்திரமூர்த்தி அண்ணாச்சி சும்மா இருப்பாரா? "ஒங்களுக்காவ இல்லக்கா, அந்தச் செவப்புத் துணிக்காவத்தான் நிக்கோம்" என்றார்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தை பத்தாம் தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது. நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கேட்டு, பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

கோபத்தில் நீ ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டாய், அய்யா. கொஞ்சம் நில்லு. அவள் வந்துகொண்டுதான் இருக்கிறாள்.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன்; இரண்டு நாளில் சரியாகிவிடும். குற்றாலநாதர் உங்கள் மூன்று பேரையும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வைக்கட்டும்.

உன் அம்மா,
குழல்வாய்மொழி

பின்குறிப்பு: கடிதம் முழுக்க நான் எழுதியது. உறையின் மேல் உன் பெயரையும் முகவரியையும் மட்டும் அவளை எழுதச் சொன்னேன். பிரிக்கும்போது கவனித்திருக்க மாட்டாய். எடுத்து ஒரு தடவை பார்.