எடைக்குப் போட்ட கதை

செவந்திக்கு,

நீ தேடிய விண்வெளிக் கதை கிடைத்துவிட்டது. வாரப் பத்திரிகையிலிருந்து நீ கிழித்து பைண்டிங் செய்து வைத்திருந்ததை, பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேனே, அதே தொடர்தான். பெயர் தெரியாமல், "வேற்றுக் கிரகத்துக்குப் போன புருஷன் கதை" என்று சொல்லி நான்கு ஊர் அலைந்தேன். ஆவூர் தைரியநாதன் வாத்தியார் வீட்டுப் பரணில் இருந்தது.

"நீங்க பழைய பேப்பரை எடைக்கு வாங்குற ஆளாச்சே, கதையெல்லாம் படிப்பீங்களா?" என்று சிரித்தார்.

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். முப்பது வருடம் கழித்து, வயதேறாமல் அவன் திரும்பி வருகிறான். கிழவியாகிவிட்ட பெண்டாட்டி கதவைத் திறந்து சோறு போடுவாள் என்றுதான் நம் மகள் ஹரிணிக்கு நீ சொல்வாய். அதைக் கேட்டுக்கொண்டேதான் நானும் சரக்கெடுக்க மாதக்கணக்கில் வெளியூர் போனேன். அச்சில் அப்படி இல்லை. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உள்தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள்.

சரக்கில் கலப்படம் இருந்தால் தொட்டதும் கண்டுபிடிப்பேன். உன் கதையில் ஏமாந்தேன்.

இதைக் கையில் கொடுத்தால் திருமயத்தில் உன் அண்ணன் வீட்டிலிருந்து நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று நினைத்திருந்தேன். இப்போது நான் திருமயம் வரவில்லை. தபாலில் அனுப்புகிறேன். இத்தனை நாள் மறுத்த உன் நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்: வீடு உனக்கு, கடை எனக்கு, ஹரிணி கல்யாணத்தன்று மட்டும் சேர்ந்து நிற்போம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரனாக இருந்தவன்