முயல் எழுதிய பதில்

ஷ்டைன்பாக்,
7 மார்ச் 1926

அன்புத் தம்பி ஏகோனுக்கு,

அக்கா ஹெர்மினா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பனி இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை. விறகு தீரப்போகிறது. குர்ட் மாதிரி மர ஆலையில் வேலை பார்க்கிறவர் வீட்டில் விறகு தீர்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

உன் மூன்றாவது முயல் புத்தகம் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் வேலியோரம் முயல் ஓடினால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன், இன்று முயலை வைத்தே பிழைக்கிறாய். இர்மா அதைக் கீழே வைப்பதில்லை. உன் புத்தகங்களை வைத்தே எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனால் போன வாரம் பேக்கரிக்காரர் மகள் கெர்டா, முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் அம்மாக்களின் வேலை என்று சொல்லிவிட்டாள். ஒரே அழுகை. கடைசியில் முயலுக்கே கடிதம் எழுதிக் கேட்டுவிடுவதாக முடிவு செய்து, மாமாவுக்குத்தான் அதன் விலாசம் தெரியும் என்று என்னிடம் கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். முயல் எழுதுகிற மாதிரி நீயே ஒரு பதில் எழுதி அனுப்பு. இன்னும் ஒரு வருஷமாவது நம்பட்டுமே.

இன்னொன்று. ஈஸ்டர் முடிந்ததும் இவளுக்குப் பள்ளிக்கூடம். ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகத்தான் போய் வர வேண்டும். இவளோ கோழிக்கூண்டு வரை போவதென்றாலும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். நாய் என்றால் பயம், நிலவறை என்றால் பயம், பலகைப் பாலம் என்றால் பயம். நான் சொல்லி அலுத்துவிட்டேன். முயல் சொன்னால் கேட்பாள். அதனால் அவள் தனியாகச் செய்யும்படி ஏதாவது ஒரு வேலையை அந்தப் பதிலில் வைத்துவிடு. அம்மா அப்பா உதவி கூடாது என்று கண்டிப்பாக எழுது.

குர்ட் நல்லவர்தான். ஆனால் மரத்தோடேயே இருந்து மரமாகிவிட்டார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறார், அதில் இரண்டு சூப்பில் உப்பைப் பற்றி. சில நாள் இர்மாவைத் தூக்கிக்கொண்டு உன்னிடமே வந்துவிடலாமா என்று இருக்கிறது. இதைப் படித்ததும் மறந்துவிடு. உருளைக்கிழங்கு கொதிக்கிறது, முடிக்கிறேன்.

உன் அக்கா,
ஹெர்மினா


(இத்துடன் இருந்தது)

ஈஸ்டர் முயலுக்கு,

நான் இர்மா. எனக்கு ஆறு வயசு. கெர்டா நீ இல்லவே இல்லைன்னு சொல்றா. நீ இருக்கியா இல்லியா? இருந்தா பதில் போடு. நீ ஆம்பளையா பொம்பளையா? ஆம்பளைன்னா எப்படி முட்டை போடுற? மாமா புக்குல நீ மூக்குக்கண்ணாடி போட்டிருக்க, அது நிஜமா? உனக்கு நாய்னா பயமா? எனக்கு ரொம்பப் பயம்.

இர்மா

கெர்டாவுக்கு முட்டை குடுக்காத.


லைப்ஸிக்,
14 மார்ச் 1926

அன்புள்ள அக்கா,

நலம். சாப்பிடுகிறேன். போதுமா?

முயலின் பதில் இத்துடன். உறையை நீ பிரிக்காதே. பிரித்து ஒட்டினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் நம் இரண்டு பேர் குட்டும் உடைந்துவிடும். அதில் அவளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். என்ன வேலை என்று கேட்காதே, அது எனக்கும் அவளுக்கும் முயலுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இதை எழுதும்போது எனக்கே ஆறு வயதாகிவிட்டது. மூன்று புத்தகம் எழுதியும் இப்படிச் சந்தோஷமாக ஒரு பக்கம் எழுதியதில்லை.

ஈஸ்டர் ஞாயிறு மதிய ரயிலில் வருகிறேன். பள்ளிக்கூடம் சேரும் நாளில் அவள் கையில் கொடுக்க, இனிப்பு நிரப்பிய காகிதக் கூம்பு வாங்குவது என் பொறுப்பு. அவள் உயரத்துக்கே பார்த்து வைத்திருக்கிறேன். குர்ட்டிடம் கோபப்படாதே. மரம் என்றாலும் நல்ல மரம்.

உன் தம்பி,
ஏகோன்


(மூடிய உறையில், பெரிய எழுத்தில்)

மதிப்புக்குரிய செல்வி இர்மாவுக்கு,

இருக்கிறேன். இல்லாதவன் எப்படிப் பதில் எழுதுவான்? கெர்டாவைக் கேள்.

நான் ஆண்தான். முட்டையைப் போடுவது கோழிகள், அதற்குச் சாயம் பூசிக் கொண்டுவந்து கொடுப்பது நான். மூக்குக்கண்ணாடி நிஜம். நாய் என்றால் எனக்கும் பயம்தான். பயந்துகொண்டே ஓடுவேன், நின்றுவிட மாட்டேன்.

உங்கள் தோட்டத்தில் நான் முட்டை வைப்பதற்காக நீ கட்டும் கூட்டுக்குப் பாசி வேண்டும். வேலியோரப் பாசி எனக்கு ஆகாது, அரிக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம், பலகைப் பாலத்தைத் தாண்டினால் மூன்று பிர்ச் மரங்கள் நிற்கின்றனவே, அவற்றின் அடியில் இருப்பதுதான் மெத்தென்று இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் நீயே தனியாகப் போய் உன் கையாலேயே பறித்து வர வேண்டும். அம்மாவிடமும் சொல்லக் கூடாது, அப்பாவிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குக் கேட்டுவிடும், என் காது எவ்வளவு நீளம் என்று பார்த்திருப்பாய்.

பாலத்தில் பயம் வந்தால் கீழே பார்க்காதே. பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நட. கரை வந்துவிடும்.

உன் நண்பன்,
ஈஸ்டர் முயல்


ஷ்டைன்பாக்,
28 மார்ச் 1926

அன்புத் தம்பிக்கு,

உன் முயல் என் மகளைத் திருடிக்கொண்டு போய்விட்டது. பதில் வந்த நாளிலிருந்து அவள் வேறு பிள்ளை. கடிதத்தை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறாள். நேற்றுக் கடைக்குத் தனியாகப் போய் உப்பு வாங்கி வந்தாள். நாய் குரைத்ததாம், பயந்துகொண்டே நடந்தாளாம், நிற்கவில்லையாம். இவ்வளவையும் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"முயல் என்னடி எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "உனக்குச் சொல்லக் கூடாதும்மா. சொன்னா அதுக்குக் கேட்டுடும்" என்கிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. குர்ட் கூடச் சிரித்துவிட்டார். "ஒன் தம்பி பொய்யி நம்ம நெஜத்தைவிட நல்லா வேலை செய்யுதே" என்றார். எண்ணிப் பார், ஒரே மூச்சில் எத்தனை வார்த்தை!

இங்கே திடீரென்று வெயில் அடிக்கத் தொடங்கிவிட்டது. கூரைப் பனியெல்லாம் இரண்டே நாளில் இறங்கிவிட்டது, முற்றம் ஒரே சேறு. நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு வா. ஆட்டுக்கறி சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் உனக்காகச் சாப்பிடாமல் காத்திருப்போம்.

அன்புடன்,
ஹெர்மினா


ஷ்டைன்பாக்,
12 ஏப்ரல் 1926

ஏகோனுக்கு,

அடக்கம் முடிந்து வியாழக்கிழமை நீ ரயிலேறிப் போனாய். சனிக்கிழமை இர்மாவின் துணிகளை எடுத்து மடித்தேன். மேலங்கிப் பையில் முயலின் கடிதம் இருந்தது. மை ஊறிப் பரவியிருந்தது. ஆனால் நீ அவளுக்காகப் பெரிது பெரிதாக எழுதியிருந்தாயே, அதனால் படிக்க முடிந்தது. அம்மாவிடமும் சொல்லக் கூடாது என்ற வரி நன்றாகவே தெரிந்தது.

எட்டு நாளாக நான் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாலத்தின் பக்கமே போகாத பிள்ளை ஏன் அங்கே போனாள் என்று. ஊர் முழுக்கக் கேட்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய், உன்னிடமும் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அன்று காலை நான் சாயத்துக்காக வெங்காயத் தோல் போட்டு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். கூடையை எடுத்துக்கொண்டு வந்து, "இதோ வந்துடுறேம்மா" என்றாள். "எங்கடி போற?" என்றேன். "அதுதான் சொல்ல மாட்டேனே" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு முட்டையைக் கிளறப் போய்விட்டேன். பனி உருகி ஓடை பலகைமேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்களே பாலத்தை விட்டு ஆலை வழியாகச் சுற்றிப் போன நாட்கள் அவை. குர்ட்தான் ஆலை மதகுக்குக் கீழே அவளைக் கண்டெடுத்தார். கூடை புதரில் சிக்கியிருந்தது. அதன் அடியில் பாசி அழுந்திக் கிடந்தது. போகும்போது அவள் விழவில்லை, ஏகோன். தனியாகப் போய், பறித்துக்கொண்டு, திரும்பி வரும்போதுதான்.

குர்ட் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போனார். சாயம் போட்ட முட்டைகள் சட்டியிலேயே இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடித்தார். நான் தடுக்கவில்லை.

இதை நீதான் எழுதினாயா? உன் கையால் பதில் எழுது.

ஹெர்மினா


லைப்ஸிக்,
16 ஏப்ரல் 1926

அன்புள்ள அக்கா,

நான்தான் எழுதினேன்.

அவளை மூடிய பெட்டியைக் குர்ட்டோடு சேர்ந்து தூக்கும்போதே எனக்குத் தெரியும். நீ கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. நான் கோழை, அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

லைப்ஸிக்கில் மேசை முன்னால் உட்கார்ந்து எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே டிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடை என்று எழுதும்போது எனக்கு நினைவில் வந்தது ஜூலை மாத ஓடை. நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நிற்பாய், தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. அந்தப் பாலத்திலிருந்து விழுந்தாலும் முழங்கால்தான் சிராயும் என்று நினைத்தேன். ஈஸ்டர் சமயத்தில் பனி உருகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊரில் பிறந்தவன் நான். பத்து வருஷம் ஊரை விட்டு இருந்ததில் ஊருக்கு ஏப்ரல் மாதம் ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது.

நாலாவது புத்தகம் கேட்டுப் பதிப்பாளர் வந்தார். இனி எழுதமாட்டேன், பழையதையும் அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். இனிப்புக் கூம்பு இங்கேதான் மூலையில் நிற்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

என்னை வர விடு, அக்கா. குர்ட் அடித்தால் அடிக்கட்டும். எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

ஏகோன்


ஷ்டைன்பாக்,
3 மே 1926

ஏகோனுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. நான் காலையில் எழுந்திருப்பதே இல்லை. குர்ட் வேலைக்குப் போகும்போது எப்படிப் படுத்திருக்கிறேனோ, அவர் திரும்பும்போதும் அப்படியே படுத்திருக்கிறேன்.

அவர் இப்போது பேசுகிறார். ஒரே ஒரு கேள்வியைத்தான் பேசுகிறார். "பிள்ளைய தனியா அனுப்பணும்னு ஒன் தம்பிக்கு எப்படித் தோணுச்சு? அவனாத் தோணுச்சா, நீ சொன்னியா?" தினமும் கேட்கிறார். "நீ சொல்லியிருந்தா, ஒன்னோட ஒரே கூரைக்குக் கீழ என்னால இருக்க முடியாது. அவனா செஞ்சிருந்தா, அது அவன் பாவம். நாம ரெண்டு பேரும் எப்படியாவது கெடந்து பொழைச்சுக்கலாம்" என்கிறார்.

எனக்கு நினைவில்லை. உன்னைப் பதில் எழுதச் சொன்னது நினைவிருக்கிறது. அன்று உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது, அவசரமாக எழுதினேன். வேறு என்ன எழுதினேன் என்று யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது. இர்மாவின் பயத்தைப் பற்றி ஏதோ எழுதிய மாதிரியும் இருக்கிறது, நானாகவே இப்போது கற்பனை செய்கிற மாதிரியும் இருக்கிறது. நீ ஒரு டிராம் டிக்கெட்டைக் கூடத் தூக்கிப் போடாதவன். என் மார்ச் மாதக் கடிதம் உன்னிடம் இருக்கும். எடுத்துப் பார்.

நான் கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. குர்ட்டிடம் காட்டிவிடுகிறேன். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு நீ வா, அவள் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் நிற்கலாம். நான்தான் கேட்டேன் என்று தெரிந்தால் அதற்கப்புறம் எழுந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன்னையாவது மன்னித்திருப்பேன்.

நான் கேட்காமல் நீயாகச் செய்திருந்தால், இனி இந்த வீட்டுக்கு வராதே. எழுதவும் எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

உண்மையை மட்டும் எழுது.

ஹெர்மினா


லைப்ஸிக்,
8 மே 1926

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்துவிட்டேன். நிதானமாக மூன்று முறை படித்தேன்.

பள்ளிக்கூடம் சேரப்போகிறாள் என்று எழுதியிருந்தாய். நாய்க்குப் பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். அது எந்தத் தாயும் எழுதுவதுதான். நீ கேட்டது ஒரு பதில், அவ்வளவுதான். அவளைத் தனியாக அனுப்பு என்றோ, ஏதாவது வேலை வை என்றோ அதில் ஒரு வரி கூட இல்லை. பாசியும் பாலமும் ரகசியமும் நானாகச் சேர்த்தவை. கதை எழுதுகிறவன் புத்தி, ஒன்றைச் சும்மா சொல்லத் தெரியாது. இதுவரை எழுதியதைக் குர்ட்டிடம் அப்படியே படித்துக் காட்டு.

கடிதத்தை அனுப்ப முடியவில்லை. குர்ட்டைப் பற்றியும் என்னிடம் வந்துவிடலாமா என்பதைப் பற்றியும் கோபத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறாய். இந்த நேரத்தில் அது அவர் கண்ணில் படக் கூடாது என்று அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி இனி வரமாட்டேன், எழுதமாட்டேன்.

நீ காலையில் எழுந்திரு, அக்கா. எழுந்து எதையாவது சாப்பிடு.

ஏகோன்