மிகப் பெரிய எண் 980

செவ்வாய்க் கோள், நிலத்தடி நிலையம். நாள் 212.

08:10
ஐந்து அறைகளின் கரியமிலவாயு அளவுகளில் இன்று மிகப் பெரியது 980. எச்சரிக்கை எல்லை 5000. திரை பச்சை.

இங்கே இருவர்தான். கணினிகள் என் பொறுப்பு. எந்திரங்கள் இருதயராஜின் பொறுப்பு. அளவுகளின் அட்டவணையும், அதிலிருந்து பெரிய எண்ணை எடுக்கும் ஒற்றை நிரல் வரியும் பூமியிலிருக்கும் கோதண்டத்தின் கைவண்ணம். அந்த ஒரு வரிக்கு நாற்பது பக்க விளக்கம் வேறு. நான் படிக்கவில்லை.
— மங்கையர்க்கரசி

11:40
தலைவலி. இருதயராஜுக்குக் குமட்டல். ஆனாலும் காற்றுச் சுத்திகரிப்பு அறையில் ஏதோ சத்தம் என்று போயிருக்கிறான். திரை பச்சை என்பதால் முகமூடி எடுத்துப்போகவில்லை. பூமிக்குத் தகவல் அனுப்பினேன்.

12:08
கோதண்டத்தின் பதில்: "அதிகபட்சமே 980 தாம்மா. ஒரு மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

12:14
அட்டவணையையே திறந்து பார்த்தேன். சுத்திகரிப்பு அறையில் 64200. கிடங்கில் 980.

அந்த மேதை எண்களை எழுத்துகளாகச் சேமித்திருக்கிறார். எழுத்தாகப் பார்த்தால் கணினி முதல் இலக்கத்தைத்தான் ஒப்பிடும். ஆறைவிட ஒன்பது பெரிது; ஆகவே 64200-ஐவிட 980 பெரிது. முதல் வாரப் பயிற்சியில் சொல்லித் தருவது இது.

கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயர்.

12:17
எண்ணாக மாற்றி ஒப்பிடும்படி வரியைத் திருத்தினேன். மூன்று நிமிடம். கோதண்டத்துக்கு எழுதப்போகும் கடிதத்தையும் மனதில் எழுதி முடித்திருந்தேன். முதலில் இருதயராஜைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

12:18
பெரிய எண் 64200 என்று வந்தது. ஐம்பதாயிரத்தைத் தாண்டினால், மற்ற அறைகளுக்கு வாயு பரவாமலிருக்க அந்த அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டது.

உள்ளிருந்து: "அக்கா, கதவு சாத்திக்கிச்சு. நீங்களா சாத்துனீங்க?"

12:20
பழைய வரியைத் திரும்பப் போடப் பார்த்தேன்; பெரிய எண் மறுபடி 980 ஆனால் கதவு திறந்துவிடும். அபாய நிலையில் நிரலைத் தொட எனக்கு அனுமதியில்லை. பூமிதான் அனுமதி தர வேண்டும். கேட்டிருக்கிறேன். போய்வர இருபத்தாறு நிமிடம்.

12:33
கடப்பாரை வளைந்துவிட்டது. கதவு அசையவில்லை. பத்து நிமிடமாக அவன் பேசவில்லை.

12:47
கோதண்டம்: "சரியா கண்டுபிடிச்சிட்டீங்க, பாராட்டுகள். இப்பதான் எண் ஒழுங்கா வருது. அத எதுக்கு மாத்தணும்? கதவு பூட்டியிருக்கு, நீங்க பத்திரமா இருக்கீங்க."

12:49
71900. கடப்பாரையால் நெம்பிய ஓரத்தில் வாயு இங்கும் கசிகிறது; திரையின் எழுத்துகள் மங்குகின்றன.

12:52
74