மில் டீமுக்கு ‘ங்க’ போடாத அப்பாவுக்கு

என்னை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கிளம்பிப் போய்விட்ட என் அப்பாவுக்கு,

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மில் டீம்தான் ஜெயித்தது. கோபப்படாதீர்கள், பிரஷர் ஏறும். இனிமேல் ஏறினால் என்ன என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் வாலிபால் பைனல் இது. போகவே கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் கை தானாகத் தண்ணீர் பாட்டிலையும் பொரிகடலையையும் எடுத்துப் பையில் வைத்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னும் எதுக்கு அம்மிணி உனக்கு அந்தக் கோவம்? அது அப்பாவோடது. அவரோட போகட்டும், உடு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உங்கள் சட்டைகளை அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஸ்கூட்டரைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். கட்டில்கூட அறை மாறிவிட்டது. எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்தக் கோபத்தையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று உங்களிடமிருந்து என்ன மிஞ்சும்? நாம் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து செய்த ஒரே காரியம் மில் டீமை வெறுத்ததுதானே அப்பா.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் புரிய வேண்டாமா?

துடியலூரில் நம்ம வாலிபால் டீம் பையன்கள் பகலெல்லாம் லேத் பட்டறையில் நிற்பவர்கள். சாயங்காலம் கையில் ஒட்டிய கிரீஸோடு வந்து மண் தரையில் விளையாடுவார்கள். மில் டீமுக்குச் சொந்தமாகக் கூரை போட்ட கோர்ட்டே இருக்கிறது. மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, முதலாளி வீட்டார் பம்ப்செட் கம்பெனி, காலேஜ் என்று எங்கேயோ போய்விட்டார்கள், ஆனாலும் ஊர் வாயில் அது இன்னும் மில் டீம்தான். அவர்கள் ஏசி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நம்ம பையன்கள் குட்டியானை வண்டியின் பின்னால் நின்றுகொண்டு வருவார்கள். அவர்களுக்கு முட்டி பிடித்துவிடக் கூடவே ஒரு டாக்டர். நம்ம பையனுக்குச் சுளுக்கினால் ஜூஸ் கடையில் போய் ஐஸ் கேட்க வேண்டும்.

அதையெல்லாம்கூட நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். நாம் வளர்த்த பையன்களை, கம்பெனியில் வேலை தருகிறோம் என்று ஒவ்வொருவனாகக் கொத்திக்கொண்டு போனார்களே, அதைத்தான் உங்களால் பொறுக்க முடியவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர் நீங்கள். “உள்ள போங்க, படியில நிக்காதீங்க” என்று ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் ‘ங்க’ போட்டவர். வாசலை மறித்துப் படுத்திருக்கும் நாயிடமே “கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி” என்பீர்கள். என்னைக் கூப்பிடுவதும் “வாங்க அம்மிணி”தான். ஆனால் மில் டீம் கோர்ட்டில் இறங்கிவிட்டால் போதும், உங்கள் வாயிலிருந்து அந்த ‘ங்க’ கழன்றுபோகும். அவர்கள் சர்வீஸ் கெட வேண்டும் என்று “டேய், நெட்டுல அடிடா” என நீங்கள் போடுகிற சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

பிரபு விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. அவன் நம்ம டீமின் லிப்டர், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். நம் வீட்டு இட்லியில் பாதி வளர்ந்தவன். “இன்னும் ரெண்டு வெச்சுக்கங்க தம்பி” என்று நீங்களே தட்டில் போடுவீர்கள். போன வருஷம் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, மில் டீமில் எடுத்துக்கொண்டார்கள், வேலையும் கொடுக்கிறார்கள் என்றான். அவனுக்கும் கல்யாணம், வாடகை என்று ஆயிரம் இருந்தது, நமக்குத் தெரியாததா? நீங்கள் “சரி, போடா” என்றீர்கள், அவ்வளவுதான். அவன் முகம் செத்துப்போனது. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் அவன் உங்களுக்கு ‘டேய்’தான்.

உங்களைக் கூடத்தில் படுக்க வைத்திருந்த அன்றைக்கு அவன் பிராக்டீஸிலிருந்து நேராக வந்துவிட்டான். போட்டிருந்தது மில் டீமின் சட்டை. நெஞ்சில் கொட்டை எழுத்தில் அவர்கள் பெயர். அந்தச் சட்டையோடு உங்கள் தலைமாட்டில் வந்து நின்றான். நீங்கள் எழுந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இல்லை, பயமில்லை அப்பா. ஆசை. இவனைத் திட்டுவதற்காவது எழுந்துவிடுங்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, பைனலுக்கு வருகிறேன். இந்த முறை மதுக்கரையில் வைத்திருந்தார்கள். ஸ்கூட்டர் இல்லாததால் பஸ் மாறிப் போனேன். சிமென்ட் படியில் வழக்கம்போல நெட்டுக்கு நேராக உட்கார்ந்தேன். இடது பக்கம் உங்களுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது, ஒருவர் வந்து “இங்க ஆள் வராங்களா அம்மிணி?” என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மேட்ச் சப்பென்று இருந்தது. ஜனம் இருந்தது, சத்தம் இல்லை. மில் டீம் ஒரு செட் எடுத்தது, நாம் ஒன்று எடுத்தோம், திரும்ப அவர்கள் ஒன்று எடுத்தார்கள். சைடு மாறும்போது பிரபு கயிற்றோரம் வந்து நின்றான்.

“அக்கா, ஒரு வார்த்தை திட்டுங்க” என்றான்.

“எதுக்கு?”

“சர்வீஸ் போடறப்ப கையே ஓட மாட்டேங்குதுங்க்கா. காது அந்தச் சத்தத்தையே தேடுது. எங்கப்பாவே என்னைய வாங்க, போங்கன்னுதானுங்க கூப்புடுவாரு. ‘டா’ போட்டுக் கூப்புட உங்கப்பா ஒருத்தருதான் இருந்தாருங்க.”

உங்கள் ‘டேய்’ கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உரிமையா அப்பா அது? அப்படியென்றால் என்னை ஏன் கடைசி வரைக்கும் “வாங்க அம்மிணி” என்றீர்கள்? ஒரே ஒரு தடவை “வாடி” என்று சொல்லியிருக்கக் கூடாதா? மில் டீம்காரனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று அந்தச் சிமென்ட் படியில் உட்கார்ந்து பொறாமைப்பட்டேன். சிரிக்காதீர்கள்.

அடுத்த செட்டில் அவன் சர்வீஸுக்கு வந்தபோது எழுந்து நின்றேன். உங்களைப் போலவே அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, “டேய் பிரபு” என்று தொடங்கினேன். அது வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அதற்கடுத்து என் வாயில் வந்தது, “நெட்டுல அடிங்க.”

படி முழுக்கச் சிரிப்பு. ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். பிரபு சிரித்துக்கொண்டே பந்தைத் தூக்கிப் போட்டான், நெட்டிலேயே அடித்தான். வேண்டுமென்றே அடித்தானா, தெரியவில்லை. பாயின்ட் நமக்கு. அந்த வேகத்தில் செட்டும் நமக்கு. அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் இருந்திருக்க வேண்டும் அப்பா. துண்டைச் சுழற்றி எறிந்திருப்பீர்கள்.

ஐந்தாவது செட்டில் விட்டுவிட்டோம். சொல்லவே வாய் கசக்கிறது, பிரபு அன்றைக்கு அழகாக லிப்ட் போட்டான். கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். “லைன்ல உழுகவே இல்லீங்கப்பா, பாத்தீங்களா” என்று இடது பக்கம் திரும்பினேன்.

அங்கே என் பைதான் இருந்தது.

அப்போதுதான் அழுதேன். உங்கள் காரியம் நடந்த நாட்களில்கூட அப்படி அழவில்லை. பக்கத்தில் இருந்த வயதான பெண் ஒருவர் என் முதுகைத் தடவி, “அழுகாதீங்க கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார். தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். பாதி உண்மைதான் அது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மோர் கலக்கிக் கொடுத்துவிட்டு, “அவியதான் செயிச்சாங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, “பணத்தை வெச்சு ஆடறாங்க” என்றாள். அம்மா வாயிலிருந்து இதைக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நம்ம டீமில் புதிதாக ஒரு நெட்டையன் வந்திருக்கிறான், நெட்டுக்கு மேலே எழும்பிக் கட் அடிக்கிறவன், அவனையும் மில் டீம் கேட்கிறதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அம்மா கொடுத்த மோருக்கெல்லாம் அது அடங்கவில்லை.

அடங்க வேண்டாம் அப்பா. இப்படி எரிகிறபோது மட்டும்தான் நீங்கள் என் பக்கத்தில் இருக்கிறீர்கள். மற்ற நேரத்தில் நீங்கள் ஒரு போட்டோ. அடுத்த டோர்னமென்ட் அன்னூரில். போவேன். அதற்கடுத்து எங்கே வைத்தாலும் போவேன். அவர்கள் ஜெயித்துக்கொண்டே இருக்கட்டும். என் வயிற்றெரிச்சலை மட்டும் ஒரு நாளும் ஆற விடமாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
எந்த ஜென்மத்திலும் மில் டீமுக்குக் கை தட்டாத
உங்கள் மகள்