நீ சொன்னதில் பாதி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. உனக்கே ஒரு பாப்பா வந்த பிறகும் எனக்கு இப்படித்தான் கூப்பிட வருகிறது, மாப்பிள்ளை சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். நீங்கள் மூன்று பேரும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அப்பாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, டீக்கடைக்குப் போகும்போது வலிப்பதில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று அவரைச் சொல்லவைத்தது நான்தான். அவரும் பாவம், எத்தனை தடவைதான் என்னைக் குளிக்கவைப்பார். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் நம் பகல்நேரக் காப்பகத்துப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை பரவியதை உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதிலிருந்து ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. கட்டட வேலைக்காக வேறு நாட்டிலிருந்து வந்திருக்கிறவர்களின் பிள்ளைகளால்தான் வந்தது, தடுப்பூசி போட்டதற்கு அத்தாட்சி காட்டாதவர்களுக்குக் காப்பகமும் கிடையாது பால் பவுடரும் கிடையாது என்று சட்டம் போடவேண்டும் என்றது ஒரு கட்சி. ஊசி வேணும்தான், யாரு இல்லேன்னா, அதுக்காகப் புள்ளைய வெளியில நிறுத்துவீங்களா, நம்ம புள்ளைங்க எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க என்று சண்டைக்கு நின்றவள் மருந்தகத்து நர்சம்மா. நகராட்சியில் கூட்டம் போட்டார்கள். காப்பகத்துப் பொறுப்பு என்னிடம் இருப்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, என் பொண்ணும் வேற நாட்டுலதான் இருக்கா, அவளும் அங்க வெளியாள்தான், ஊசி பாக்கி இருக்குன்னு அவ புள்ளையைக் காப்பகத்து வாசல்லயே நிறுத்திட்டாங்க, அவ மூக்கால அழாம எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் சேத்தா என்றேன். ஒரே கைதட்டல். என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற எதிர்வீட்டுத் தையல்காரர்கூடத் தட்டினார். அம்மா சொன்னதுக்கப்புறம் வேற பேச்சு என்ன இருக்கு என்று கவுன்சிலர் முடித்துவிட்டார். மறுநாளே காப்பகக் கதவில் உத்தரவை ஒட்டினார்கள்.

ஆனால் நீ இதைச் சொன்ன அன்றைக்குப் போனில் இன்னொன்றும் சொன்னாய். பாக்கின்னு தெரிஞ்சதும் அங்கயே பக்கத்து ரூம்ல உக்காரவெச்சு நர்ஸ் போட்டுவிட்டுட்டாம்மா, அன்னிக்கே உள்ள விட்டுட்டாங்க, நீ எந்த ஊரு, எந்தப் பேப்பர் வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலை என்றாய். அதை நான் கூட்டத்தில் முழுங்கிவிட்டேன். மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நர்சம்மா ஜெயித்துவிடுவாள், கைதட்டல் நின்றுபோகும். அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. உன் வாழ்க்கையில் பாதியை எடுத்து ஊரார் முன்னால் வைத்தேன், எனக்கு வேண்டிய பாதியை.

இங்கே ஊசி முகாம் நடப்பது வேலைநாளில், அதுவும் ஊரின் அந்தக் கோடியில். அங்கே போனால் எங்கிருந்து வந்தாய், யார் அனுமதித்தார்கள் என்று கேட்கிறார்கள். பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தச் சனங்கள் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. முகாமில் ஊசி போட்ட பிள்ளைகளுக்குச் சுண்டுவிரல் நகத்தில் மை வைத்து விடுவார்கள், அந்த மை இருந்தால் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. போன வாரத்துக்கு முந்தின வாரம் காலையில், கல் சுமக்கிற பெண் ஒருத்தி தன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் வாலு என்று கூப்பிடுவோமே, உத்தரவு வருவதற்கு முன்னால் தினமும் வந்துகொண்டிருந்த பயல்தான். அவன் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். முகாம் மை கறுப்பு, ஒரு மாசத்துக்குப் போகாது. அவன் விரலில் இருந்தது பேனா மை, நீலம். வரிசையில் அத்தனை பேர் பார்க்க முந்தானையை நனைத்துத் தேய்த்துக் காட்டினேன், போய்விட்டது. என்னமா ஏமாத்துதுங்க பாரு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அந்தப் பெண் பையனின் விரலைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். கதவைச் சாத்தினேன். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது பாப்பா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் பையனைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். வேறெங்கே விடுவாள். வெள்ளையடிக்கக் கரைத்துவைத்த சுண்ணாம்பில் அவன் கையை விட்டுக் கண்ணைக் கசக்கிவிட்டான். நர்சம்மா வந்து சொன்னாள். அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை, சொன்ன கையோடு திரும்பிப் போய்விட்டாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு கண்ணில் கட்டு. பார்வை எப்படி இருக்கும் என்று கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். அந்தப் பெண்ணின் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன். அவளோ எழுந்து நின்று, நான்தான் அக்கா பேனால போட்டேன், பொய் பண்ணேன், அதான் புள்ளைக்கு இப்படி ஆயிடுச்சு என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அவள் என்னை அடித்திருக்கலாம். கண்ணு நல்லானதும் உள்ள விடுவீங்களா அக்கா என்று கேட்டாள். உத்தரவு கதவில் அப்படியே ஒட்டியிருக்கிறது. விடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நர்சம்மா வீட்டுக்குப் போய், காப்பகத்து வாசலிலேயே வந்து ஊசி போட்டுவிட முடியுமா என்று கேட்டேன். ஐஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டு நான் என்னிக்கு வேணா வரேன், மொதல்ல நீ போய் அந்தக் கூட்டத்துல உன் வாயத் தொற என்றாள். வியாழக்கிழமை மறுபடி கூட்டம் இருக்கிறது. நீ சொன்ன மீதியை அதே இடத்தில் எழுந்து சொல்லப்போகிறேன், அன்றைக்கு வேண்டுமென்றே மறைத்தேன் என்பதையும் சேர்த்து. வேலை போனாலும் போகட்டும் என்று அப்பா சொல்கிறார், ஆனால் சொல்லிவிட்டு டீயை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊசி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், தட்டம்மையில் அந்தப் பிள்ளைகள் பட்டபாட்டைப் பார்த்தவள் நான். குட்டிப் பயலுக்கு அடுத்த ஊசி எப்போது என்று பார்த்து மறக்காமல் போட்டுவிடு. எனக்குச் சமாதானம் சொல்லிக் கடிதம் எழுதாதே, திட்டி எழுது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும். ஆசீர்வாதம் என்று எழுத இன்றைக்குக் கை கூசுகிறது, ஆனாலும் உன்னைப் பெற்றவள், எழுதாமல் எப்படி இருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பையனுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள், உன் பிள்ளைக்கு வேண்டிக்கொள்வது மாதிரி அவனுக்கும் வேண்டிக்கொள். கட்டை அவிழ்க்கும்போது அவன் திமிறாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்சு சொன்னார்களாம். அவன் அம்மாவுக்கு இந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது என்று என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா