ஊடு 7

பிப்ரவரி 9, ஞாயிறு. ஏற்காடு.

காலையில் பனி. எட்டரைவரை ஏரி தெரியவில்லை. துவைத்த சட்டை காயவில்லை, ஈரத்தோடு பையில்.

எடுக்க வேண்டியவை: டேப், அளவு நோட்டு, சார்ஜர், செருப்பு (ஷூ வேண்டாம், மணல்). அக்கா காப்பித்தூள் அரைக் கிலோ திணித்திருக்கிறாள். மேலாளருக்காம்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் தலைமை அலுவலகம் தூத்துக்குடியில். அங்கே கடலோரமாக நடைபாதை, சைக்கிள் பாதை. போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதே மாதிரி எங்கள் ஏரியைச் சுற்றியும் போடப் போகிறார்கள். ஏரி கடலாகிவிடும்.

அளந்தது டிசம்பரில், நான்தான். டேப்பின் மறுமுனையில் மாமா. கிழக்குக் கரையில் ஏழு வீடு, மூன்றாவது எங்களுடையது. வீடுகளுக்கு மேட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பாதை போகலாம். இடம் இருக்கிறது.

அக்கா நாலாவது முறையாக: “ஏன் கண்ணு, நம்மூட்டுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

“நோட்டுல எழுதிட்டேன்னு எத்தன தடவ சொல்றது? படிச்சவன் நானா நீயா?”

“படிச்சவந்தான் சாமி. அதான் கேக்கறேன்.”

பிப்ரவரி 11, செவ்வாய். தூத்துக்குடி.

வெயில். உப்புக் காற்று. முகமெல்லாம் பிசுபிசு.

பாதை பார்த்தாயிற்று. குறை சொல்லத்தான் போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எரிச்சல். நடக்கத் தனி, சைக்கிளுக்குத் தனி, நடுவே செடி. கைப்பிடி இடுப்புயரம். தளம் கடல் பக்கமாகச் சரிவு, தண்ணீர் நிற்காது. தூரத்தில் கப்பல், கிரேன்.

வாடகைக்கு ஒரு சைக்கிள். மலைக்காரனுக்குச் சைக்கிள் என்றால் இறங்கும்போது பிரேக், ஏறும்போது தள்ளல். இங்கே மிதித்தால் போகிறது, விட்டாலும் போகிறது. இளித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். எதிரே வந்தவர் பதிலுக்குச் சிரித்தபோதுதான் தெரிந்தது.

சைக்கிள் பாதையில் ஒரு அம்மா நெத்திலி காயப்போட்டிருந்தார். காவலாளி: “யக்கா, இது சைக்கிளு போற எடம்.”

“போவட்டும். மீனு என்ன குறுக்கயா ஓடுது?”

இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

பிப்ரவரி 12, புதன். தூத்துக்குடி.

அலுவலகம். ஏசியில் ஏற்காட்டுக் குளிர். திரையில் எங்கள் ஏரியின் வரைபடம். கிழக்குக் கரையில் பாதை நேராகப் போகிறது. ஏழு வீட்டில் ஒன்றுகூட இல்லை.

வரைந்தது ஜெபா. என் வயதுதான். வீடெல்லாம் எங்கே என்றேன்.

“வீடா? வீடுன்னு நீங்க எங்கயும் எழுதலையே சார்.”

என் நோட்டை நான் போனில் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினாள். என் கையெழுத்து. கரையோரம் ஒரு புள்ளிக்கோடு, பக்கத்தில்: ஊடு 7.

“ஊடே போற பாதை, அகலம் ஏழு மீட்டர்னு எடுத்துக்கிட்டேன். சரிதானே?”

அன்று மழை. ஏழு கட்டம் போடச் சோம்பல், நோட்டு நனைகிற அவசரம். வாயில் வந்ததை எழுதினேன். டிப்ளமோ மூன்று வருஷமும் வரைபடத்தில் ‘வீடு’ என்றே எழுதியவன். சொந்த வீட்டை அளக்கும்போது மட்டும் ‘ஊடு’.

மேலாளர்: “இது எந்தூர்த் தமிழ் வே?” அறையே சிரித்தது. மத்தியானத்துக்குள் எனக்குப் பெயர் ‘ஊட்டுக்காரர்’. ஜெபா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருக்கலாம்.

மேலாளரிடம் திருத்துங்கள் என்றேன். ஒப்புதலுக்குப் போய்ப் பத்து நாளாகிறதாம். “அளவு தப்புன்னு அளந்தவன் எழுதித் தரணும். ஒனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல, யோசிச்சுக்கோ தம்பி.” காப்பித்தூள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். “நல்ல வாசம்.”

யோசித்துக்கொண்டேன். எழுதவில்லை. நாளை ராத்திரி பஸ்.

பிப்ரவரி 14, வெள்ளி. ஏற்காடு.

நல்ல குளிர். பஸ் குப்பனூர் வழி, தாமதம்.

வாசலில் சுண்ணாம்புக் கோடு. ஏழு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயின்ட்டில் அம்புக்குறி. எங்களுக்கு அடுப்படிச் சுவரில். நேற்று நாலு பேர் வந்து போட்டுவிட்டுப் போனார்களாம். கோடு பிசகில்லாமல் நேராக இருக்கிறது. என் அளவு.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அக்கா: “தம்பி அளந்ததுன்னு சொன்னாங்க. அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு டீ வெச்சுக் குடுத்தேன். கோடு போடறதுக்குத் துணிக்கொடி குறுக்க இருந்துச்சு, நாந்தான் அவுத்து உட்டேன்.”

பக்கத்து வீட்டு ராசம்மா, எனக்குக் கேட்கட்டும் என்று: “ஏனுங்க இஞ்சினியரு, சைக்கிளு வர்றப்ப நாங்க எந்திரிச்சு வழி உடோணுமுங்களா, படுத்துட்டே இருக்கலாமுங்களா?”

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். “ஊட்ட ஊடுன்னுதான எழுதின?” என்றாள்.

“ஆமா.”

“அதுல என்ன தப்பு?”



பிப்ரவரி 15, சனி.

மங்கலான வெயில். நாலு தாள் கிழித்து ஐந்தாவதில் கடிதம். அளவுக் குறிப்பில் தவறு. தவறு என்னுடையது. கிழக்குக் கரையில் ஏழு வீடுகள் உள்ளன. கையெழுத்து. காலையிலேயே ஸ்கேன் செய்து அனுப்பியாயிற்று.

மூன்று மணிக்கு மேலாளரின் போன். திங்கள் முதல் வர வேண்டாமாம். வரைபடம்? “பாப்பம் வே.” வைத்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசை. அப்படித் தோன்றவில்லை.

அக்கா கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்.

“ஏழு வீடுகள்” என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“யாரு ஊடோ மாதிரி இருக்குது கண்ணு.”