உன் குரலை நான் கொடுக்கவில்லை

இன்று காலை காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கைக்கு அடியில் ஓர் இஞ்சி மரப்பா கிடந்தது. வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்ததும் அந்தக் கார வாசனை வண்டிக்குள் பரவியது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி இதைத்தானே வாயில் போட்டுக்கொள்வாய்.

'இறங்காதவள்' தொடரை இந்தக் காரில்தான் பதிவு செய்தோம். என் வீட்டுக்குப் பின்னால் லேத் பட்டறைச் சத்தம், உன் வீட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிணத்துக்கடவில் உங்கள் தென்னந்தோப்புக்குள் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் அணைத்துவிடுவோம். வேர்வை வழிய வழிய நீ படிப்பாய். ஆழியாறில் பேருந்து ஏறிய ஒரு பெண் வால்பாறை வந்தபோது பேருந்தில் இல்லை. நடுவழியில் அவள் இறங்கியதை யாரும் பார்க்கவும் இல்லை. அவளைத் தேடிப் போகும் அக்காவின் குரல் நீ. கதை எழுதுவதும், பதிவை வெட்டி ஒட்டிப் பாட்காஸ்டாக ஏற்றுவதும் என் வேலை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து துப்பறியும் கதை படித்தவர்கள், நாற்பதுக்கு மேல் சொந்தமாக ஒன்று செய்துவிட்டோம் என்று அவ்வளவு பெருமை நமக்கு.

"பயந்தவளாட்டப் படிக்கக் கூடாது அம்மணி. பயத்த மறைக்கிறவளாட்டப் படிக்கோணும்" என்பாய். எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது உனக்கு.

பாதித் தொடரில் உன் குரல் கம்மத் தொடங்கியது. "சளி. ரெண்டு நாள்ல போயிரும்" என்றாய். "அடுத்த வாரத்துக்கும் சேத்துப் படிச்சுப்போடலாம்" என்று அவசரப்படுத்தினாய். கேட்பவர்கள் கூடிவிட்ட உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "தொண்டையில புத்துன்னு மொதப் பகுதி படிக்கறதுக்கு முன்னாலயே அவளுக்குத் தெரியுமுங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டா. சொன்னா நீங்க மைக்க எடுத்து வெச்சிருவீங்களாம்."

ஆமாம், எடுத்து வைத்திருப்பேன். நாம் சண்டை போட்டிருப்போம். நீ ஜெயித்தும் இருக்கலாம். அந்தச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்காமல் போனாயே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நீ போனபோது கடைசி இரண்டு பகுதிகள் பாக்கி. காரியம் முடிந்த மறுவாரம், நம் தொடரைத் தங்கள் செயலியில் வெளியிட்ட நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா தொடர் நிக்காது. அவங்க பேசினது எங்ககிட்ட மணிக்கணக்கா இருக்கு. அத வச்சுக் கம்ப்யூட்டர்லயே அவங்க குரலை உண்டாக்கிடலாம். அவங்க வீட்டுக்காரர் சரின்னுட்டார். உங்க கையெழுத்து மட்டும்தான் வேணும்."

மாதிரி ஒன்றும் அனுப்பினாள். நான் எழுதி, நீ கண்ணால்கூடப் பார்க்காத ஒரு வசனத்தை உன் குரல் படித்தது. எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. அதுதான் என்னை எரித்தது. கடைசி நாட்களில் ஒவ்வொரு வரிக்கும் நீ எப்படி மூச்சைச் சேர்த்தாய் என்று இப்போது எனக்குத் தெரியுமே.

அன்றைக்கே கிணத்துக்கடவுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். தனியே அழைத்து, உன் பதிவையும் அந்த மாதிரியையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்தேன்.

"ஏனுங்கண்ணா, இது அவளாங்க?"

"ரெண்டும் அவளாட்டத்தானுங்க இருக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாளைக்கு அவ பேசட்டுமேன்னுதானுங்க சரின்னேன். அதுல என்னங்க தப்பு?"

அவரிடம் எப்படிக் கோபப்படுவது? கோபம் முழுக்க உன்மேலேயே திரும்பியது. உன் குரலை என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நிறுவனம் தொடரையே எடுத்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திட்டி எழுதினார்கள். எல்லாப் பகுதிகளையும், செயலிக்குப் போகும் முன் நாம் வைத்திருந்த பழைய பக்கத்திலேயே திரும்ப ஏற்றினேன். கடைசி இரண்டையும் காரில் தனியாக உட்கார்ந்து என் தகரக் குரலில் நானே படித்தேன். "இந்தக் குரல் நல்லால்லீங்க, அந்தக்கா எங்கீங்க?" என்று காரமடையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். "செத்துப்போயிட்டாங்க" என்று பதில் எழுதினேன். அந்த வார்த்தையை நான் முதன்முதலாக எழுதியது அப்போதுதான்.

பதிவுகளிலிருந்து வெட்டிப்போட்ட துண்டுகளை ஒரு பென் டிரைவில் சேர்த்து உன் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவுக்கு நடுவே அகவும் தோப்பு மயிலை நீ துரத்துவது, இருமுவது, என்னைத் திட்டுவது எல்லாம் அதில் இருக்கின்றன. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்மேல் இருந்த வருத்தம் முகத்தில் அப்படியே இருந்தது. இருந்தாலும், "சாப்பிட்டுப்போட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டேன்.

ஒரு துண்டை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதில் நான் "இன்னொருக்கா படி" என்கிறேன். கொஞ்ச நேரம் உன் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, "போதும் அம்மணி. எனக்கு இவ்வளவுதான் வரும். இதையே வெச்சுக்கோ" என்கிறாய்.

வைத்திருக்கிறேன். கோபத்தோடுதான் வைத்திருக்கிறேன்.